உறை நிரலகங்களில் சுட்டுச் சுழல்

சுட்டுச் சுழல் என்பது, இயங்கிக்கொண்டிருக்கும் கணினி நிரலொன்றின் நினைவகத்தில் உள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள் வட்டமாக ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு நிற்கும் நிலையாகும். இருவர் ஒருவருக்கொருவர் பிணை நிற்பதை இது ஒத்தது. வெளியாள் எவருக்கும் அவர்கள் தேவைப்படாத போதும், ஒருவரை மற்றவர் தாங்கிக்கொண்டே இருப்பர். இவ்வாறு எவருக்கும் பயன்படாமல் நினைவகத்தில் தங்கிவிடும் பொருள்கள் நினைவகக் கசிவு எனப்படும் குறைபாட்டை உண்டாக்குகின்றன.

சி, சி++ போன்ற மொழிகளில் எழுதப்பட்ட வரைகலைப் பயனர் இடைமுக நிரலகங்களைப் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், டிசிஎல் போன்ற ஸ்கிரிப்டிங் மொழிகளிலிருந்து பயன்படுத்த உதவும் உறை நிரலகங்களில் இச்சிக்கல் மிகுதியாகக் காணப்படுகிறது. அங்கே சுழலின் ஒரு பாதி ஒரு மொழியிலும் மறு பாதி இன்னொரு மொழியிலும் அமைந்துவிடுவதால், எந்த மொழியின் நினைவக மேலாண்மையாலும் முழுச் சுழலையும் பார்க்க இயலாது. இக்கட்டுரை இச்சுழல் உருவாகும் விதத்தையும், அதனைக் கண்டறிந்து சரிசெய்யும் முறைகளையும் விளக்குகிறது.

## அடிப்படைக் கருத்துகள்

### சுட்டும் சுட்டு எண்ணிக்கையும்

நிரலில் ஒரு மாறிக்குப் பொருளொன்றை அளிக்கும்போது, அந்தப் பொருள் மாறிக்குள் வந்து அமர்வதில்லை. பொருள் நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்க, மாறி அவ்விடத்தைக் காட்டுகிறது. இவ்வாறு காட்டுவதே சுட்டு ஆகும். ஒரே பொருளைப் பல மாறிகளும், பிற பொருள்களின் உறுப்புகளும் சுட்டலாம்.

ஒரு பொருள் இனித் தேவையில்லை என்பதை அறிவதற்கான எளிய வழி, அதனை எத்தனை சுட்டுகள் காட்டுகின்றன என்று எண்ணிவருவதாகும். புதிய சுட்டு தோன்றினால் எண்ணிக்கை ஒன்று கூடும். சுட்டு நீங்கினால் ஒன்று குறையும். எண்ணிக்கை சுழியம் ஆனவுடன் பொருள் அழிக்கப்பட்டு அதன் நினைவகம் விடுவிக்கப்படும். இதற்குச் சுட்டு எண்ணிக்கை முறை என்று பெயர். பைத்தான் மொழியின் முதன்மைச் செயலாக்கமான சிபைத்தானும், ஜிடிகே இடைமுக நிரலகத்தின் அடித்தளமான ஜிஆப்ஜெக்டும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

இம்முறையின் குறை வெளிப்படையானது. அ என்னும் பொருள் ஆ என்பதையும், ஆ என்பது அ என்பதையும் சுட்டினால், வெளிச்சுட்டுகள் யாவும் நீங்கிய பின்னும் இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றாகவே நிற்கும். ஒருபோதும் சுழியம் ஆகாது.

### குப்பை சேகரிப்பு

சுழல்களை நீக்குவதற்கு வேறொரு உத்தி வேண்டும். சிபைத்தானில் சுட்டு எண்ணிக்கையோடு கூடவே ஒரு குப்பை சேகரிப்பி இயங்குகிறது. அது செயற்படும் விதம் பின்வருமாறு:

1. பட்டியல், அகராதி, இனக்குழுப் பொருள் என, பிறவற்றைச் சுட்டக்கூடிய பொருள்கள் ஒவ்வொன்றின் சுட்டு எண்ணிக்கையும் படியெடுக்கப்படுகிறது.
2. ஒவ்வொரு பொருளும் தான் சுட்டுபவை எவை என்று கேட்கப்படுகிறது. சுட்டப்பட்ட பொருளின் படியெண்ணிக்கையிலிருந்து ஒன்று கழிக்கப்படுகிறது.
3. கழித்த பின்னும் எவற்றின் எண்ணிக்கை எஞ்சி நிற்கிறதோ, அவை வெளியிலிருந்து தாங்கப்படுபவை. அவையும், அவற்றிலிருந்து சென்றடையக்கூடிய அனைத்தும் உயிருள்ளவை.
4. மீதமுள்ளவை குப்பை. அவற்றின் உட்சுட்டுகள் துடைக்கப்பட, சுழல் அறுந்து பொருள்கள் அழிகின்றன.

இரண்டாம் படியே இங்குக் கவனிக்கத்தக்கது. ஒரு பொருள் தான் சுட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்ட சுட்டு, சேகரிப்பியின் கணக்கில் வெளிச்சுட்டாகவே கொள்ளப்படும்.

### உறை நிரலகம்

வரைகலை இடைமுகத்தின் சாளரம், பொத்தான், உரைப்பெட்டி முதலிய கூறுகள் விரைவு கருதிச் சி அல்லது சி++ மொழியில் எழுதப்படுகின்றன. அவற்றைப் பைத்தானிலிருந்து பயன்படுத்த, ஒவ்வொரு சி பொருளுக்கும் இணையாக ஒரு சிறிய பைத்தான் பொருள் உருவாக்கப்படுகிறது. இதனை உறைப்பொருள் எனலாம். பயன்பாட்டு நிரலர் தொடுவது உறைப்பொருளை மட்டுமே. உள்ளே உள்ள சி பொருளே திரையில் தோன்றுகிறது. டிகே நிரலகத்துக்கு டிகின்டர், ஜிடிகேக்குப் பைஜிடிகேயும் அதன் வழிவந்த பைஜிஆப்ஜெக்டும், கியூட்டிக்குப் பைகியூட்டியும் பைசைடும், டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்சுக்கு டபிள்யூஎக்ஸ்பைத்தானும் இவ்வகை உறைகளாகும்.

## எடுத்துக்காட்டு

அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம் வட்டாரத்தில் முந்திரி விளைகிறது. அங்குள்ள கொள்முதல் மண்டி ஒன்றில், எடை போடும்போதெல்லாம் சிறிய சாளரம் ஒன்றைத் திறந்து, சீட்டை அச்சிட்டு, பின் சாளரத்தை மூடிவிடும் நிரல் பயன்படுவதாகக் கொள்வோம். போலிநிரல் வடிவில் அதன் மையப்பகுதி பின்வருமாறு அமையும்:

    இனக்குழு சீட்டு:
        தொடக்கம்(தான்):
            தான்.படம் = 2 எம்பி அளவுள்ள சீட்டுப் படம்
            தான்.சாளரம் = புதிய சாளரம்()
            தான்.பொத்தான் = புதிய பொத்தான்("அச்சிடு")
            தான்.சாளரம்.சேர்(தான்.பொத்தான்)
            தான்.பொத்தான்.இணை("சொடுக்கு", தான்.அச்சடி)

இந்நிரலில் பிழை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பாடநூல்களில் காணப்படும் இடைமுக நிரல்கள் பெரும்பாலும் இவ்வடிவிலேயே உள்ளன. எனினும் இறுதி வரி ஒரு சுழலை உருவாக்குகிறது. சுட்டுகளைப் பின்தொடர்ந்தால் அது புலப்படும்:

* சீட்டு, பொத்தானின் உறைப்பொருளைச் சுட்டுகிறது (பைத்தான் பக்கம்).
* உறைப்பொருள், சி பொத்தானைச் சுட்டுகிறது (எல்லை கடக்கிறது).
* சி பொத்தான், தன் சொடுக்கு நிகழ்வுக்கான மீளழைப்புப் பதிவைச் சுட்டுகிறது (சி பக்கம்).
* மீளழைப்புப் பதிவு, "தான்.அச்சடி" என்னும் கட்டுண்ட செயற்கூறைச் சுட்டுகிறது (மீண்டும் எல்லை கடக்கிறது).
* கட்டுண்ட செயற்கூறு, சீட்டைச் சுட்டுகிறது (பைத்தான் பக்கம்).

சீட்டிலிருந்து புறப்பட்ட சுட்டு சீட்டுக்கே வந்து சேர்கிறது. இடையில் மொழி எல்லை இருமுறை கடக்கப்பட்டுள்ளது.

மூடுவதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கைகளை ஒப்பிடலாம். இங்கே உறை நிரலகம் மிக எளியது என்றும், சாளரம் மூடப்படும்போது தன்னுள் இருந்த பொத்தானை விட்டுவிடுவது தவிர வேறெதுவும் செய்யாது என்றும் கொள்க.

* சீட்டு: முன்பு 2 (முதன்மை நிரலின் மாறி, கட்டுண்ட செயற்கூறு), பின்பு 1
* பொத்தான் உறை: முன்பு 1, பின்பு 1
* சி பொத்தான்: முன்பு 2 (உறை, சி சாளரம்), பின்பு 1
* மீளழைப்புப் பதிவு: முன்பு 1, பின்பு 1
* கட்டுண்ட செயற்கூறு: முன்பு 1, பின்பு 1

ஒன்றேனும் சுழியம் ஆகவில்லை. சீட்டு தங்கிவிட்டதால் அதனோடு 2 எம்பி படமும் தங்கிவிடுகிறது.

பைத்தானின் குப்பை சேகரிப்பியும் இங்கு உதவுவதில்லை. கட்டுண்ட செயற்கூறைச் சுட்டும் மீளழைப்புப் பதிவு சி பக்கத்தில் உள்ளது. அதனைப் பற்றிச் சேகரிப்பிக்கு எவரும் சொல்லவில்லை. ஆகவே கழித்தல் முடிந்த பின் கட்டுண்ட செயற்கூறின் எண்ணிக்கை ஒன்றாக எஞ்சி, அது வெளியிலிருந்து தாங்கப்படும் பொருளாகக் கருதப்படுகிறது. அதிலிருந்து சென்றடையக்கூடிய சீட்டு, படம், உறை ஆகிய யாவும் உயிருள்ளவையாகக் கணக்கிடப்படுகின்றன. சேகரிப்பி தவறு செய்யவில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட விவரமே குறைவானது.

மண்டியின் கணினியில் மற்றப் பணிகள் போக 800 எம்பி நினைவகம் எஞ்சியிருந்தால், 400 சீட்டுகளில் அது தீர்ந்துவிடும். காலையில் விரைவாக இயங்கிய நிரல் பிற்பகலில் தள்ளாடி, நெரிசல் மிக்க நேரத்தில் நின்றுபோகும். மறுதொடக்கம் செய்தால் மீண்டும் சரியாக இயங்கும். இதனால் குறை நிரலில் உள்ளது என்பதே நெடுநாள் அறியப்படாமல் போகலாம்.

## இரட்டைப் பொருள் சிக்கல்

மேற்கண்ட சுழல் பயன்பாட்டு நிரலரால் உருவானது. உறை நிரலகத்தின் அமைப்பிலேயே உள்ளார்ந்த இன்னொரு சுழலும் உண்டு. அதுவே உறை எழுதுபவர்கள் எதிர்கொள்ளும் கடினமான சிக்கலாகும்.

உறைப்பொருள் இருக்கும் வரை சி பொருள் அழியக்கூடாது. அழிந்தால் உறை வெற்றிடத்தைச் சுட்டி நிற்கும். அதனைத் தொட்டவுடன் நிரல் நிலைகுலையும். ஆகவே உறையிலிருந்து சி பொருளுக்கு ஒரு சுட்டு வேண்டும்.

மறுபுறம், பைத்தான் நிரலர் உறைப்பொருளில் தம் சொந்த விவரங்களை எழுதிவைக்கலாம். எடுத்துக்காட்டாக, பொத்தானில் "விவசாயி எண்" என்னும் உறுப்பைச் சேர்த்துவிட்டு, உறையைத் தம் மாறியிலிருந்து நீக்கிவிடலாம். பொத்தான் திரையில் இருந்துகொண்டே இருக்கிறது. பின்னர் சாளரத்திடம் கேட்டு அதே பொத்தானைத் திரும்பப் பெறும்போது, எழுதிவைத்த எண் அங்கே இருக்கவேண்டும். உறை இடையில் அழிந்து புதிதாக ஆக்கப்பட்டிருந்தால், எண் தொலைந்துபோயிருக்கும். ஆகவே சி பொருள் இருக்கும் வரை உறையும் அழியக்கூடாது. அதாவது, சி பொருளிலிருந்து உறைக்கும் ஒரு சுட்டு வேண்டும்.

இரு தேவைகளும் நியாயமானவை. இரண்டையும் நிறைவேற்றினால் ஒவ்வொரு பொத்தானும் தன் உறையோடு சேர்ந்து ஒரு சுழலாகிவிடும், எதுவும் அழியாது. ஒன்றைக் கைவிட்டால், நிரல் நிலைகுலையும் அல்லது விவரம் தொலையும். உறை நிரலகங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவது பெரும்பாலும் இந்த முடிச்சை அவிழ்க்கும் விதத்திலேயே ஆகும்.

## உறை நிரலகத்தில் செய்யப்படும் திருத்தங்கள்

### மாறுநிலைச் சுட்டு

ஜிடிகேயின் அடித்தளமான ஜிலிப் நிரலகத்தின் 2.8 பதிப்பில், 2005 ஆம் ஆண்டு, மாறுநிலைச் சுட்டு என்னும் வசதி சேர்க்கப்பட்டது. உறை, சி பொருளை ஒரு சிறப்புச் சுட்டால் பற்றிக்கொள்கிறது. அச்சிறப்புச் சுட்டு மட்டுமே எஞ்சும்போதும், அதனோடு வேறொரு சுட்டு வந்து சேரும்போதும் சி பொருள் உறைக்கு அறிவிக்கிறது.

சி பொருளை வேறு எவரேனும் பற்றியிருந்தால் (எடுத்துக்காட்டாகப் பொத்தான் சாளரத்தில் இருந்தால்), சி பொருள் உறையை வலுவாகப் பற்றும். உறை அழியாது, விவரமும் தொலையாது. வேறு எவரும் பற்றாதபோது அப்பிடி தளர்த்தப்படும். அப்போது உறையைப் பைத்தான் பக்கமும் விட்டுவிட்டால் உறை அழிந்து, அதனோடு சி பொருளும் அழியும். இரு திசைகளிலும் ஒரே வேளையில் வலுவான சுட்டு இருக்கவேண்டிய தேவையில்லை என்னும் நுட்பமான உண்மையே இம்முறையின் அடிப்படை. பைஜிஆப்ஜெக்ட் இதனைக் கையாள்கிறது.

### சேகரிப்பிக்கு மறைசுட்டுகளைத் தெரிவித்தல்

மாறுநிலைச் சுட்டு இரட்டைப் பொருள் சிக்கலைத் தீர்த்தாலும், மீளழைப்பால் உண்டான சுழலைத் தீர்ப்பதில்லை. அதற்கு, சி பக்கத்தில் மறைந்துள்ள மீளழைப்புச் சுட்டுகளைச் சேகரிப்பிக்குத் தெரிவிக்கவேண்டும். சிபைத்தானில் இதற்கென இரு செயற்கூறுகளை உறை எழுதுபவர் வழங்கலாம். ஒன்று, பொருள் சுட்டும் அனைத்தையும் வலம்வந்து காட்டுவது. மற்றொன்று, சேகரிப்பி கேட்கும்போது அச்சுட்டுகளைத் துடைப்பது. மீளழைப்புப் பதிவுகளின் பட்டியலை உறை வைத்திருந்து, வலம்வரும்போது அவற்றையும் காட்டினால், ஐந்து கண்ணிகளும் சேகரிப்பியின் பார்வைக்கு வந்துவிடும்.

இங்கு ஓர் இடர் உள்ளது. பொத்தான் இன்னும் திரையில் இருக்கும்போது, பைத்தான் பக்கத்தில் சீட்டையும் உறையையும் வெளியிலிருந்து எவரும் சுட்டாமல் இருக்கக்கூடும். உறைக்கு மாறுநிலைச் சுட்டு அமையாத வேளையில், மீளழைப்பையும் காட்டிவிட்டால், எல்லாச் சுட்டுகளும் உள்ளுக்குள்ளேயே அடங்கியதாகச் சேகரிப்பி முடிவுசெய்து மீளழைப்பைத் துடைத்துவிடும். பயனர் திரையில் உள்ள பொத்தானைச் சொடுக்கினால் எதுவும் நிகழாது. பிழைச்செய்தியும் வராது. கசிவை விடக் கொடிய பிழை இது. இதனைத் தவிர்க்க, சி பொருளின் சுட்டு எண்ணிக்கை சரியாக ஒன்றாக இருக்கும்போது, அதாவது உறையைத் தவிர வேறு எவரும் அதனைப் பற்றாதபோது மட்டுமே, பைஜிஆப்ஜெக்ட் மீளழைப்புகளைச் சேகரிப்பிக்குக் காட்டுகிறது.

### உடைமை மரம்

கியூட்டி நிரலகம் சுட்டுகளை எண்ணுவதை விடுத்து உடைமை என்னும் கருத்தைக் கொண்டுள்ளது. ஒவ்வொரு இடைமுகக் கூறுக்கும் ஒரு பெற்றோர் இருக்கலாம். பெற்றோர் அழிந்தால் பிள்ளைகளும் அழியும். பிள்ளை தன் பெற்றோரைச் சுட்டினாலும் அச்சுட்டு எதனையும் தாங்குவதில்லை. ஆகவே சி++ பக்கத்தில் சுழல் எழுவதற்கு வாய்ப்பு குறைவு.

பைகியூட்டியில், ஒரு கூறுக்குப் பெற்றோர் அமைந்தவுடன் அதன் உடைமை பைத்தானிலிருந்து சி++ பக்கத்துக்கு மாற்றப்படுகிறது. அது முதல் சி++ பொருள் உயிருடன் இருக்கும் வரை உறையும் காக்கப்படுகிறது. இம்முறையின் விலை வேறு வகையானது. பெற்றோர் அழியும்போது பிள்ளையும் அழிந்துவிட, பைத்தான் மாறி ஒன்று அப்பிள்ளையின் உறையை இன்னும் பற்றியிருக்கலாம். அவ்வுறையைத் தொட்டால், உள்ளிருந்த சி++ பொருள் அழிக்கப்பட்டுவிட்டது என்னும் பிழைச்செய்தி தோன்றும். புதியவர்களுக்கு இது எரிச்சலூட்டினாலும், நிரல் முழுவதும் நிலைகுலைவதைத் தடுக்கும் காப்பு இதுவேயாகும்.

### வெளிப்படையான அழிப்பு

டிகின்டரில் பெற்றோர் கூறு தன் பிள்ளைகளை ஒரு அகராதியிலும், பிள்ளை தன் பெற்றோரை ஒரு உறுப்பிலும் வைத்திருப்பதால், ஒவ்வொரு சாளரமும் பிறக்கும்போதே சுழலுடன் பிறக்கிறது. அழிப்புச் செயற்கூறு அழைக்கப்படும்போது பிள்ளைகள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டு, மீளழைப்புகளுக்காக டிசிஎல் பக்கத்தில் பதியப்பட்ட கட்டளைகள் நீக்கப்பட்டு, பெற்றோரின் அகராதியிலிருந்து பெயர் எடுக்கப்படுகிறது. சுழல் இவ்வாறு அறுக்கப்படுகிறது.

ஜிடிகேயிலும் ஒரு பொருள் கைவிடும் நிலையை அடையும்போது அதனோடு இணைக்கப்பட்ட சமிக்ஞை மீளழைப்புகள் யாவும் நீக்கப்படுகின்றன. ஆகவே சாளரத்தை முறையாக அழித்தால் சுழல் அறுந்துவிடும். வெறுமனே மறைத்தால் அறாது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால், மறைப்பதை அழிப்பதாகக் கருதுவது பரவலாகக் காணப்படும் தவறாகும்.

## பயன்பாட்டு நிரலில் செய்யத்தக்கவை

### வலுவற்ற சுட்டு

ஒரு பொருளைக் காட்டும், ஆனால் அதன் எண்ணிக்கையைக் கூட்டாத சுட்டு வலுவற்ற சுட்டு எனப்படும். பொருள் அழிந்தபின் அச்சுட்டு வெறுமையைத் தரும். சுழலின் கண்ணிகளுள் ஏதேனும் ஒன்றை வலுவற்றதாக்கினால் போதும், சுழல் அறுந்துவிடும். எந்தக் கண்ணியை அவ்வாறு மாற்றுவது என்பதற்குப் பொதுவான விதி, உடைமையின் திசையில் வலுவான சுட்டும் எதிர்த்திசையில் வலுவற்ற சுட்டும் வைப்பதாகும். சாளரம் பொத்தானை உடைமையாகக் கொண்டது. ஆகவே பொத்தான் சாளரத்தை வலுவற்றுச் சுட்டலாம்.

கட்டுண்ட செயற்கூறுகளில் ஒரு பொறி உள்ளது. பைத்தானில் "தான்.அச்சடி" என்று எழுதும்போதெல்லாம் ஒரு புதிய கட்டுண்ட செயற்கூறுப் பொருள் ஆக்கப்படுகிறது. அதனை வேறு எவரும் பற்றாமல் வலுவற்ற சுட்டு மட்டும் காட்டினால், அது அந்தக் கணமே அழிந்துவிடும். மீளழைப்பு ஒருபோதும் நிகழாது. பொருளையும் செயற்கூறையும் தனித்தனியே வலுவற்றுச் சுட்டி, தேவைப்படும்போது இணைத்துத் தரும் வசதி 2014 இல் வெளியான பைத்தான் 3.4 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

### பெயரற்ற செயற்கூறுகள்

ஒரே வரியில் எழுதப்படும் லாம்டா செயற்கூறுகள் தம்மைச் சூழ்ந்துள்ள மாறிகளைப் பற்றிக்கொள்கின்றன. அவற்றுள் "தான்" என்பதும் இருந்தால், முழுப் பொருளும் பற்றப்படுகிறது. பைகியூட்டி, கட்டுண்ட செயற்கூறுகளைச் சமிக்ஞையோடு இணைக்கும்போது பொருளை வலுவாகப் பற்றுவதில்லை. ஆனால் லாம்டாவை இணைத்தால் அதனை வலுவாகப் பற்றுகிறது. ஆகவே ஒரு வடிவில் கசியாத நிரல், இன்னொரு வடிவில் எழுதியவுடன் கசியத் தொடங்கலாம்.

### இணைப்பைத் துண்டித்தல்

சுழல் இல்லாமலும் இதே விளைவு ஏற்படலாம். முந்திரி விலை மாறும்போதெல்லாம் அறிவிக்கும் "விலைப்பட்டியல்" என்னும் பொருள் நிரல் முடியும் வரை இருப்பது. ஒவ்வொரு சீட்டும் தன் செயற்கூறை அதனோடு இணைத்துக்கொண்டால், சீட்டின் சாளரம் முறையாக அழிக்கப்பட்ட பின்னும் விலைப்பட்டியல் சீட்டைப் பற்றியே இருக்கும். கசிவோடு, மூடிய சாளரங்கள் யாவும் விலைமாற்றத்துக்குத் தொடர்ந்து பதிலளிக்க முயலும். எங்கே இணைக்கப்படுகிறதோ, அதற்கு ஈடாகத் துண்டிக்கும் இடம் ஒன்றும் நிரலில் இருக்கவேண்டும்.

## கண்டறிதல்

நினைவகப் பயன்பாடு கூடுவது மட்டுமே கசிவுக்குச் சான்றாகாது. மிக எளிய சோதனை, ஒரு சாளரத்தை நூறு முறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு வலுவற்ற சுட்டை எடுத்துவைத்து, குப்பை சேகரிப்பியை வலிந்து இயக்கிய பின் எத்தனை சுட்டுகள் இன்னும் வெறுமையாகவில்லை என்று எண்ணுவதாகும். நூறும் உயிருடன் இருந்தால் கசிவு உறுதி. ஒன்று மட்டும் இருந்தால், கடைசிச் சாளரத்தை ஏதோ ஒரு மாறி பற்றியிருக்கிறது என்று பொருள்.

கசியும் பொருள் தெரிந்தபின், அதனை யார் பற்றியுள்ளார் என்பதைப் பைத்தானின் ஜிசி கூறு வழியாக வினவலாம். மறைசுட்டுகள் அதன் விடையில் வருவதில்லை. சுட்டு எண்ணிக்கை மூன்று என்றும், பற்றியவர் பட்டியலில் இருவரே என்றும் வந்தால், மூன்றாமவர் சி பக்கத்தில் இருப்பதாக ஊகிக்கலாம். இந்த வேறுபாடே உறை நிரலகச் சுழலைக் காட்டும் சிறந்த தடயமாகும்.

கவனிக்கத்தக்க வேறு இரு செய்திகள் உள்ளன:

* சேகரிப்பி தானாக இயங்கத் தொடங்குவது பைத்தான் பொருள்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததே அன்றி, அவை பற்றியுள்ள நினைவகத்தின் அளவைப் பொறுத்ததன்று. சிறிய உறை ஒன்று சி பக்கத்தில் பெரிய படத்தைப் பற்றியிருந்தாலும் சேகரிப்பிக்கு அது சிறிய பொருளே. ஆகவே சேகரிக்கத்தக்க சுழல்கூட நெடுநேரம் தங்கலாம்.
* பல இழைகளில் இயங்கும் நிரலில், சேகரிப்பி இடைமுக இழைக்கு வெளியே இயங்க நேரலாம். அங்கே சுழலில் இருந்த சாளரம் அழிக்கப்பட்டால், இடைமுகக் கூறுகளை ஒரே இழையில் மட்டும் கையாளவேண்டும் என்னும் விதி மீறப்பட்டு நிரல் நிலைகுலையும். தானியங்கு சேகரிப்பை நிறுத்திவிட்டு, முதன்மை இழையில் குறித்த கால இடைவெளியில் அதனை இயக்குவது இதற்கான மாற்றாகும்.

## வரலாறு

சுட்டு எண்ணிக்கை முறையை 1960 இல் ஜார்ஜ் காலின்ஸ் வெளியிட்டார். அதே ஆண்டில் ஜான் மெக்கார்த்தி, லிஸ்ப் மொழி பற்றிய தம் கட்டுரையில், சென்றடையக்கூடிய பொருள்களைக் குறியிட்டு எஞ்சியவற்றை நீக்கும் முறையை விளக்கினார். சுட்டு எண்ணிக்கையால் சுழல்களை நீக்க இயலாது என்பதை ஹெரால்டு மெக்பெத் 1963 இல் சுட்டிக்காட்டினார்.

1991 இல் வெளியான பைத்தான், தொடக்கத்தில் சுட்டு எண்ணிக்கையை மட்டுமே நம்பியிருந்தது. சுழல்களை நீக்கும் சேகரிப்பி 2000 ஆம் ஆண்டின் 2.0 பதிப்பிலும், வலுவற்ற சுட்டுகள் 2001 இன் 2.1 பதிப்பிலும் சேர்க்கப்பட்டன. அழிக்குமுன் இயங்கும் இறுதிச் செயற்கூறு கொண்ட பொருள்கள் சுழலில் சிக்கினால், எதனை முதலில் அழிப்பது என்று அறிய இயலாமையால் சேகரிப்பி அவற்றைத் தொடாமல் விட்டுவந்தது. 2014 இல் 3.4 பதிப்பு இதற்குத் தீர்வு கண்டது.

இச்சிக்கலால் பொதுமக்கள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டது இணைய உலாவிகளிலேயே ஆகும். மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 உலாவியில், பக்கத்தின் கூறுகள் சுட்டு எண்ணிக்கையாலும், ஜாவாஸ்கிரிப்ட் பொருள்கள் குறியிட்டு நீக்கும் முறையாலும் மேலாளப்பட்டன. பக்கக் கூறு ஒன்றுக்கு நிகழ்வுச் செயற்கூறை இணைத்து, அச்செயற்கூறு அக்கூறையே பற்றிக்கொண்டால், உலாவியை மூடும் வரை நினைவகம் விடுவிக்கப்படாமல் போனது. 2009 இல் வெளியான எட்டாம் பதிப்பில் இத்தகைய சுழற்கசிவுகள் திருத்தப்பட்டன. பயர்பாக்ஸ் 2008 இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் இரு பக்கங்களையும் சேர்த்து ஆராயும் சுழல் சேகரிப்பியை அறிமுகப்படுத்தியது. அதன் அடிப்படை, டேவிட் பேகன், வி. டி. ராஜன் ஆகியோர் 2001 இல் வெளியிட்ட நெறிமுறையாகும். 2009 இல் பிஎச்பி மொழியின் 5.3 பதிப்பும் இதே நெறிமுறையைப் பின்பற்றியது.

மாறுநிலைச் சுட்டும் குறையற்றதன்று. ஜாவாஸ்கிரிப்டையும் ஜிஆப்ஜெக்டையும் இணைக்கும் உறையான ஜிஜேஎஸ் வழி இயங்கும் கினோம் மேசைத்தளத்தில், சேகரிப்பி ஒருமுறை இயங்கும்போது மரத்தின் மேற்பொருள் மட்டுமே அழிந்து, அதன் பிள்ளைகள் அடுத்த சுற்றுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. நினைவகம் படிப்படியாகவே விடுபட்டதால் பயனர்கள் இதனைக் கசிவாகவே உணர்ந்தனர். பிடி தளரும்போதே அடுத்த சேகரிப்புக்கு ஏற்பாடு செய்வதன் மூலம் 2018 இல் இது சீராக்கப்பட்டது.

## தமிழ்க் கணிமையில்

லினக்ஸ் இயங்குதளங்களில் தமிழ் உள்ளீட்டுக்குப் பயன்படும் ஐபஸ் மென்பொருளின் அமைப்புச் சாளரம், பைத்தானில் ஜிடிகே உறையைக் கொண்டு எழுதப்பட்டதாகும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் தமிழ் நிரலாக்க மொழியும் பைத்தானிலேயே எழுதப்பட்டுள்ளது. ஒரு ஸ்கிரிப்டிங் மொழியின் மேல் இன்னொரு மொழியை அமைக்கும்போது, கீழுள்ள மொழியின் நினைவக நடத்தை மேலுள்ளதற்கும் வந்துசேர்கிறது. பைத்தான் 3.0 பதிப்பிலிருந்து மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ் எழுத்துகளிலேயே பெயரிடலாம்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் பைத்தானைக் கற்கின்றனர். பதினொன்றாம் வகுப்பில் சி++ பயில்கின்றனர். முன்னதில் நினைவகம் தானே மேலாளப்படுகிறது என்றும், பின்னதில் நிரலரே விடுவிக்க வேண்டும் என்றும் அறியும் மாணவர், இரண்டும் சந்திக்கும் எல்லையில் எழும் பொறுப்பை இக்கருத்தின் வழி விளங்கிக்கொள்ளலாம். தானே மேலாளப்படும் என்னும் உறுதி, மேலாளருக்குத் தெரிந்த பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும்.

## இவற்றையும் பார்க்கவும்

* குப்பை சேகரிப்பு (கணினியியல்)
* நினைவகக் கசிவு
* வரைகலைப் பயனர் இடைமுகம்
* பைத்தான் (நிரலாக்க மொழி)
* எழில் (நிரலாக்க மொழி)